கையெழுத்துப் போட்ட பத்திரிகையாசிரியர்

1841-இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய 'உதயதாரகை' என்ற இரண்டு மொழிப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இருவர். பெயரைப் பார்த்து பாஸ்டன்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இருவருமே தமிழர்கள். மிஷன் விடுதிகளில் படித்த பையன்களின் செலவுக்கு அமெரிக்காவில் யாராவது பணம் கட்டுவார்கள். கட்டியவர் சொல்லும் பெயர் இங்கே பையனுக்கு வந்து சேரும். பின்னாளில் அதே பத்திரிகையின் ஆசிரியரான ஆனல்ட் சதாசிவம்பிள்ளைக்கு 'ஆனல்ட்' வந்ததும் அந்த வழக்கத்தில்தான்.

இந்தப் பெயர் வழக்கத்தைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே மிஷனின் இன்னொரு மாணவர் குறுக்கே வந்தார். அவரும் இரண்டு மொழிப் பத்திரிகை நடத்தினார், உதயதாரகைக்கு 13 ஆண்டுகள் முன்னாலேயே. பிறந்தபோது வைத்த பெயர் கல்லகீனா வாட்டி. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பையன். கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வாலில் இருந்த மிஷன் பள்ளிக்குப் போகும் வழியில், எலியாஸ் பூடினாட் என்ற வயதான கனவானின் வீட்டில் தங்கினான். அமெரிக்க பைபிள் சங்கத்தின் தலைவர் அவர். பையன் அவர் பெயரையே எடுத்துக்கொண்டான்.

அந்தப் பெயரோடு அவர் செய்த கடைசிப் பெரிய காரியம், தன் மக்களின் நாட்டை விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதுவும் தன் சொந்த வீட்டுக் கூடத்தில்.

1838-இல் அமெரிக்க அரசு செரோக்கிகளைச் சொந்த மண்ணிலிருந்து மேற்கே வெளியேற்றியது என்றதும் நம் நினைவுக்கு வருவது பனியில் நடக்கும் மக்கள், போர்வை, குழந்தைகளின் சவக்குழி. எல்லாம் நடந்ததுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய பத்து வருடம். சட்டம், வழக்கு, லாட்டரி, ரசீது, தலையங்கம் என்று எல்லாம் காகிதத்திலேயே நடந்த பத்து வருடம்.

முதலில் கார்ன்வால். பூடினாட்டும் அவருடைய பெரியப்பா மகன் ஜான் ரிட்ஜும் அங்கே படித்தார்கள். 'நாகரிகப்படுத்த' அழைத்து வரப்பட்ட மாணவர்கள் நன்றாகவே நாகரிகப்பட்டு, உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்களைக் காதலித்தார்கள். 1824-இல் ரிட்ஜ் சாரா நார்த்ரப்பைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்து பூடினாட்டும் ஹேரியட் கோல்டும் என்று தெரிந்ததும் ஊர் கொதித்தது. இருவரின் கொடும்பாவியையும் எரித்தார்கள், ஹேரியட்டின் சொந்த அண்ணனே அதில் நின்றார். 1826-இல் கல்யாணம் நடந்தது, அதே ஆண்டு பள்ளியை மூடிவிட்டார்கள். இந்த ஊரின் எரிச்சலை நேரில் பார்த்த பிறகும் பூடினாட் வெள்ளையர்களின் நல்லெண்ணத்தை இன்னும் சில வருடம் நம்பினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

கல்யாணமான அந்த வருடமே பிலடெல்பியாவில் ஒரு தேவாலயத்தில் பேசினார். அச்சகத்துக்கு நன்கொடை கேட்டுப் பேசிய பேச்சு. கிட்டத்தட்ட வங்கியில் கடன் கேட்பவர் சொத்துக் கணக்கு காட்டுவதுபோல ஒரு பட்டியல் அதில் வரும். செரோக்கிகளிடம் 22,000 மாடுகள், 46,000 பன்றிகள், 762 தறிகள், 2,488 ராட்டைகள், 18 பள்ளிகள். நாங்களும் உங்களைப் போலத்தான், எங்களை வாழ விடுங்கள் என்பதே சாரம்.

அப்போது அவர்களிடம் அதைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்ற வெள்ளி வேலைக்காரர், பல ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து செரோக்கி மொழிக்கு எழுத்து உண்டாக்கி 1821-இல் முடித்திருந்தார். நம் உயிர்மெய் மாதிரி, ஓர் அசைக்கு ஓர் எழுத்து. பின்னாளில் 85 எழுத்துகளாக நிலைத்தது. பள்ளிக்கூடம் எதுவும் இல்லாமல், வீட்டுக்கு வீடு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே சில வருடங்களில் அது பரவிவிட்டது. பாஸ்டனில் அந்த எழுத்துகளுக்கு அச்சு வார்த்தார்கள். அச்சு இயந்திரம் கப்பலிலும் வண்டியிலும் ஜார்ஜியாவின் வடக்கே நியூ எக்கோட்டா என்ற செரோக்கித் தலைநகருக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் வந்தது, காகிதம் மட்டும் வரவில்லை. அதற்காக டென்னசிக்கு ஆள் போக வேண்டியிருந்தது. 1828 பிப்ரவரி 21-இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' முதல் இதழ் வந்தது. ஆசிரியர் பூடினாட், பக்கத்திலேயே துணைக்கு மிஷனரி சாமுவேல் வூஸ்டர்.

இந்த வூஸ்டரின் சித்தப்பாவும் ஒரு சாமுவேல் வூஸ்டர். இலங்கைக்கு முதல் அமெரிக்க மிஷனரிகளை 1815-இல் அனுப்பி வைத்த மிஷன் செயலாளர். 1821-இல் செரோக்கி நாட்டு மிஷன் ஒன்றைப் பார்க்கப் போன இடத்திலேயே இறந்தார். அவருக்குப் பின் செயலாளரான ஜெரமையா எவர்ட்ஸ், செரோக்கிகளை வெளியேற்றக் கூடாது என்று 24 கட்டுரைகள் எழுதி நாட்டையே உலுக்கியவர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை மிஷனுக்குச் சம்பளம் போன அதே அலுவலகத்திலிருந்துதான் நியூ எக்கோட்டாவுக்கும் போனது.

சரி, ஜார்ஜியாவுக்கு என்ன பிரச்சினை? நிலம்தான். ஜார்ஜியா தன் மேற்குப் பகுதி உரிமையை விட்டுக்கொடுத்தால், மாநிலத்துக்குள் இருக்கும் இந்தியர்களின் (பழங்குடிகளை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள்) நில உரிமையை நீக்கித் தருகிறோம் என்று 1802-இலேயே மத்திய அரசு வாக்குக் கொடுத்திருந்தது. செரோக்கிகளுடனும் தனியாக ஒப்பந்தங்கள் போட்டு, இந்த நிலம் உங்களுடையதே என்று சொல்லியிருந்தது. இரண்டு பக்கமும் கொடுத்த வாக்கு எப்படியாவது இழுபறியாகவே ஓடியிருக்கும். 1827-இல் செரோக்கிகள் எழுத்தில் அரசியலமைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1828-இல் ஜான் ராஸைத் தலைமைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் ஜார்ஜியாவுக்கு உறைத்தது, இவர்கள் போகப் போவதில்லை என்று. ஏறக்குறைய அதே நேரத்தில் செரோக்கி மண்ணில் தங்கம் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

ஜாக்சனுக்குச் செரோக்கிகள் அந்நியர்கள் கிடையாது. 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் கிரீக் என்ற இன்னொரு பழங்குடி இனத்தாரை எதிர்த்து அவரோடு சேர்ந்து போரிட்டவர்கள் செரோக்கிகள். ஆற்றை நீந்திக் கடந்து எதிரியின் படகுகளைத் தூக்கிவந்து போரின் போக்கை மாற்றியவர்கள். ராஸும் அந்தப் படையில் இருந்தார், ஜான் ரிட்ஜின் அப்பாவும் இருந்தார். 'மேஜர் ரிட்ஜ்' என்று கடைசிவரை அவரை அழைத்தது அந்தப் போரில் கிடைத்த பதவியை வைத்துத்தான்.

1830 மே 28-இல் இந்தியர் வெளியேற்றச் சட்டத்தில் ஜாக்சன் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 102, எதிர்ப்பு 97. ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து வந்த டேவி கிராக்கெட் எதிர்த்து வாக்களித்தார். இவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பு என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். 'அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள் இல்லையா, அவர்களுக்கு இந்த 97 பேரைக் காட்டலாம்.

ஜார்ஜியா தன் சட்டங்களைச் செரோக்கி நாட்டின்மீது நீட்டியது. வெள்ளையருக்கு எதிராகச் செரோக்கி ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. அவர்களுடைய சபை கூடக் கூடாது. தங்கம் எடுக்கக் கூடாது. நிலத்தை அளந்து, 160 ஏக்கர் மனைகளாகவும் தங்கம் இருக்கும் பகுதியில் 40 ஏக்கர் மனைகளாகவும் பிரித்து, 1832-இல் லாட்டரி நடத்தினார்கள். மக்கள் குடியிருக்கும்போதே, அவர்களின் வீடும் தோட்டமும் சீட்டில் விழுந்தன. ராஸ் 1835-இல் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பினால் வீட்டில் வேறு ஆள். லாட்டரியில் விழுந்ததாம். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மாநில எல்லைக்கு அப்பால் டென்னசியில் ஒரு மரக்குடிசைக்குப் போனார் தேசத் தலைவர்.

வெள்ளையர்கள் செரோக்கி நாட்டில் தங்க ஜார்ஜியாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றொரு சட்டமும் வந்தது. குறி மிஷனரிகள்மேல். வூஸ்டரும் மருத்துவ மிஷனரி எலைசர் பட்லரும் மறுத்து, நான்கு வருடக் கடுங்காவல் பெற்றுச் சிறைக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1832 மார்ச் 3-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு சொன்னார்: செரோக்கி நாட்டுக்குள் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது.

அதாவது, ஜெயித்துவிட்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில், முழுமையாக.

'மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவரே அமல்படுத்தட்டும்' என்று ஜாக்சன் சொன்னதாக எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுவார்கள். அது பல பத்தாண்டுகள் கழித்து அச்சில் வந்த வாசகம், அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது இதைவிட மோசம்: தீர்ப்பு செத்தே பிறந்தது என்று எழுதினார். ஜான் ரிட்ஜ் நேரில் போய்க் கேட்டபோதும், அமல்படுத்தப் போவதில்லை என்ற பதில்தான் கிடைத்தது. பாஸ்டனில் மிஷன் தலைமையும் பின்வாங்கியது. அந்த ஆண்டின் இறுதியில், ஜார்ஜியாவிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே வாருங்கள் என்று வூஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். 1833 ஜனவரியில் அவர் வெளியே வந்தார்.

ரிட்ஜும் பூடினாட்டும் அங்கேதான் மனம் மாறினார்கள். நீதிமன்றத்தில் ஜெயித்தும் ஒன்றும் நடக்காதென்றால் இனி எதை வைத்துப் போராடுவது? நல்ல விலை பேசி மேற்கே போய்விடலாம், நிலம் போனாலும் மக்களாவது மிஞ்சுவார்கள் என்று நினைத்தார்கள். பூடினாட் இதைப் பத்திரிகையில் விவாதிக்க விரும்பினார். ராஸ் கூடாது என்றார். எதிரி வாசலில் நிற்கும்போது தேசத்தின் பத்திரிகையில் இரண்டு குரல் வரக் கூடாது என்பது அவர் நிலை. 1832 ஆகஸ்டில் பூடினாட் ராஜினாமா செய்தார். ராஸின் மைத்துனர் ஆசிரியரானார், 1834-இல் பத்திரிகை நின்றது. 1835-இல் ஜார்ஜியாவின் காவல்படை வந்து அச்சு இயந்திரத்தையே பறிமுதல் செய்தது. அதற்குத் துணை நின்றவர் பூடினாட்டின் சொந்தத் தம்பி ஸ்டாண்ட் வாட்டி.

எனக்கு ராஸைப் பிடிக்கும். எட்டில் ஒரு பங்கு மட்டுமே செரோக்கி ரத்தம், செரோக்கியைவிட ஆங்கிலத்தில் சரளம். ஆனாலும் மலைக்கிராமத்து மக்கள் கடைசிவரை நம்பியது அவரைத்தான், அவரும் அதற்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் ஃபீனிக்ஸின் வாயை முதலில் அடைத்தது ஜார்ஜியா அல்ல, அவர்தான். அந்த விவாதத்தை விட்டிருந்தால், ஜாக்சன் நேரில் என்ன சொன்னார், மிஷன் ஏன் கைவிட்டது, தீர்ப்பின் கதி என்ன என்பதையெல்லாம் தங்கள் எழுத்தில் படித்துத் தாங்களே முடிவு செய்யும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்திருக்கும். அதை மூடியபின், பூடினாட் ஓர் ஆபத்தான வாதத்துக்குப் போனார். மக்களுக்கு நிலவரம் தெரியாது, தெரிந்தால் அவர்களும் இதையே செய்வார்கள், ஆகவே தெரிந்த சிலர் அவர்களுக்காகச் செய்துவிடலாம் என்று பின்னாளில் எழுதியே வைத்தார். பத்திரிகையாசிரியர் ஒருவர் எழுதக் கூடிய மிக மோசமான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1835 டிசம்பர் 29. ராஸ் வாஷிங்டனில் இருக்கிறார். நியூ எக்கோட்டாவுக்கு வந்திருந்த சில நூறு பேரின் முன்னிலையில், அரசுத் தூதர் ஷெர்மர்ஹார்ன் ஒப்பந்தத்தைப் படித்தார். அன்றிரவு பூடினாட் வீட்டில் ஒரு சிறு குழு கையெழுத்திட்டது. மேஜர் ரிட்ஜுக்கு ஆங்கிலம் எழுத வராது, ஒரு குறி போட்டார். மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள நிலம் முழுவதும் 50 லட்சம் டாலருக்குப் போனது. கையெழுத்திட்டவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இல்லை. அனுமதியில்லாமல் நிலம் விற்றால் மரண தண்டனை என்று செரோக்கிச் சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் 1829-இல் எழுத்தில் ஏறியபோது அதில் ஜான் ரிட்ஜுக்கும் பங்கு உண்டு. மேஜர் ரிட்ஜோ, 1807-இல் நிலம் விற்ற ஒரு தலைவரைக் கொன்றவர்களில் ஒருவர். தங்கள் கதி என்னவென்று தெரிந்தேதான் கை வைத்தார்கள்.

ராஸ் 15,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு கொண்டுபோனார். செரோக்கிகளின் மொத்தத் தொகையே 16,500 சொச்சம். செனட் 31-க்கு 15 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும். 1838 மே 23-க்குள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

ரிட்ஜ், பூடினாட் குடும்பங்கள் 1837-லேயே ஓரளவு வசதியாக மேற்கே போய்விட்டன. மற்றவர்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ராஸ் எப்படியாவது ரத்து வாங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில் 1838 வசந்தத்திலும் சோளம் போட்டார்கள். அதற்குள் மதிப்பீட்டாளர்கள் வந்து ஒவ்வொரு வீட்டையும் கொட்டகையையும், பீச் மரம் ஆப்பிள் மரம் எத்தனை என்பதையும் விலையோடு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

மே கடைசியில் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் கீழ் சுமார் 7,000 சிப்பாய்கள் இறங்கினார்கள். கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்று ஸ்காட் எழுத்தில் உத்தரவு போட்டிருந்தார். நடந்தது வேறு. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி, வயலிலிருந்து இழுத்து, உடுத்த துணியோடு மரவேலிக் கொட்டடிகளுக்கு ஓட்டிப்போனார்கள். பின்னாலேயே கொள்ளைக்காரர்கள் வந்து மாடுகளைப் பிடித்தார்கள், வெள்ளி தேடிக் கல்லறைகளையும் தோண்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்து மானுடவியலாளர் ஜேம்ஸ் மூனி, உயிரோடு இருந்த முதியவர்களிடமும் சிப்பாய்களிடமும் கேட்டு இதையெல்லாம் எழுதிவைத்தார். அதே 1838-இல், தங்கம் கிடைத்த டாலானிகாவில் அரசு நாணயச்சாலை திறக்கப்பட்டது.

ஜூனில் முதல் கூட்டங்களைப் படகில் அனுப்பினார்கள், ஏறக்குறைய 2,800 பேர். கோடை கடுமை, ஆற்றில் தண்ணீர் வற்றியது, சாவு அதிகம். மிச்சம் பேரை இலையுதிர்காலத்தில் நாங்களே அழைத்துப் போகிறோம் என்று ராஸ் கேட்க, ஸ்காட் சம்மதித்தார். ஆனால் அந்தக் கோடை முழுவதும் முகாம்களில் வயிற்றுக்கடுப்பும் தட்டம்மையும் கக்குவான் இருமலும் சுற்றின. இறந்தவர்களில் கணிசமானவர்கள் நடைக்கு முன்பே, இந்த முகாம்களில் போனவர்கள். பனிப் படத்தையே பார்த்துப் பழகிய நமக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் நடை. ஆயிரம் பேர் அளவிலான கூட்டங்களாக, மொத்தம் 13. ஒன்று மட்டும் படகில். 20 பேருக்கு ஒரு வண்டி என்ற கணக்கு, அதில் கிழவர்களும் நோயாளிகளும் சாமான்களும். மற்றவர்களுக்குக் கால்தான். நாஷ்வில் வழியாக கென்டக்கி, ஒஹாயோ ஆற்றைத் தாண்டி இல்லினாயின் தென்முனை. அங்கே டிசம்பரில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் மிசிசிப்பியில் பனிப்பாளங்கள் மிதந்து வந்ததால் படகு ஓடவில்லை. வாரக்கணக்கில் கூடாரங்களிலும் திறந்த வெளியிலும் கிடந்தார்கள். பாப்டிஸ்ட் போதகர் ஜெஸி புஷிஹெட் நடத்திப்போன கூட்டத்தில், ஆற்றைத் தாண்டிய பிறகு அவர் மனைவிக்குப் பெண் பிறந்தது. பிறந்த மாநிலத்தின் பெயரையும் சேர்த்து எலைசா மிசூரி என்று வைத்தார்கள். புஷிஹெட்டின் சகோதரி அதே இடத்தில் இறந்தார். ராஸின் மனைவி குவாட்டி, 1839 பிப்ரவரி 1-இல் லிட்டில் ராக் அருகே இறந்தார்.

மொத்தச் சாவு சுமார் 4,000 என்பார்கள். வூஸ்டரோடு சிறையில் இருந்த அதே பட்லர், கூட்டத்தோடு கூடவே நடந்து சொன்ன மதிப்பீடு அது. குறைவு என்பவர்களும் உண்டு, இன்னும் அதிகம் என்பவர்களும் உண்டு.

இதே வழியில் நடந்த இன்னொரு கூட்டத்தைப் பல கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. 1835 கணக்கெடுப்பில் செரோக்கிகளிடம் 1,592 கறுப்பின அடிமைகள். ராஸிடமும் ரிட்ஜிடமும் இருந்தார்கள். விறகு வெட்டி, பாதை சீர்செய்து, எஜமானர்களுக்குச் சமைத்துக்கொண்டே அவர்களும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் அடிமைகளாகவே இருந்தார்கள். வெள்ளையர்களிடம் நற்சான்று வாங்கித்தந்த 'நாகரிக'த்தில் இதுவும் ஒரு பகுதி. விடுதலையான அவர்களின் வாரிசுகளுக்குச் செரோக்கிக் குடியுரிமை உண்டு என்று 2017-இல்தான் மத்திய நீதிமன்றம் ஒன்று தீர்த்துவைத்தது.

செலவுக் கணக்கையும் சொல்ல வேண்டும். தலைக்கு 65 டாலர் 88 சென்ட் என்று ராஸ் பேசி முடித்திருந்தார். அந்தப் பணத்தை அரசு எங்கிருந்து எடுத்தது? செரோக்கிகளுக்குத் தர வேண்டிய 50 லட்சத்திலிருந்தே பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டது. அது தவறு, 11 லட்சம் டாலர் சொச்சத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1906-இல். நடந்தவர்களில் மிகச் சிலரே அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்.

1839 ஜூன் 22 காலை, புது நாட்டில் பார்க் ஹில் என்ற இடத்தில் பூடினாட் தனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வூஸ்டர் அங்கேயும் பக்கத்தில்தான், இருவரும் பைபிளைச் செரோக்கியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வந்து மருந்து வேண்டும் என்றார்கள். எடுத்துக் கொடுக்க மிஷன் வீட்டை நோக்கி நடந்தபோது பின்னாலிருந்து குத்தி, கோடரியால் வெட்டினார்கள். அன்றே ஜான் ரிட்ஜைப் படுக்கையிலிருந்து இழுத்துவந்து மனைவி மக்கள் கண்ணெதிரில் கொன்றார்கள், மேஜர் ரிட்ஜைச் சாலையில் மறைந்திருந்து சுட்டார்கள். ஸ்டாண்ட் வாட்டிக்குத் தகவல் முந்தியதால் தப்பினார். அவர் பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் ஜெனரலாகி, அந்தப் பக்கத்தில் கடைசியாகச் சரணடைந்த ஜெனரல் என்று பெயர் வாங்கியது தனிக் கதை.

பூடினாட்டைத் துரோகி என்பதா? அவர் கணிப்பு சரியாக இருந்தது, அதற்காக அவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. நாட்டை இழப்போம் என்று மக்களிடம் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதைப் பறித்தார்கள் என்பதற்காக, கேட்காமலே கொடுத்துவிடும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். நான் இதற்குமேல் அவர் பக்கம் போக முடியவில்லை.

செரோக்கி தேசம் இன்று ஓக்லஹோமாவின் டாலக்வாவில் தலைநகரோடு இருக்கிறது. ஃபீனிக்ஸ் மறுபடி வெளிவருகிறது. 2000-இல் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: பத்திரிகையின் உள்ளடக்கத்தில் தேசத்தின் அரசு தலையிடக் கூடாது. 1832-இல் ராஸும் பூடினாட்டும் மோதிய இடம் அதுதான்.

அந்த மோசடி ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கி தேசத்துக்கு ஒரு பிரதிநிதி இருக்க உரிமை உண்டு என்கிறது அது. 2019-இல் தலைமைத் தலைவர் சக் ஹாஸ்கின் அதைக் கையில் எடுத்து, கிம்பர்லி டீஹீயை அந்த இடத்துக்கு நியமித்தார். பெரும்பான்மை மக்கள் ஏற்காத, 15,000 பேர் எதிர்த்த அதே காகிதத்தை இப்போது அவர்களே நீட்டுகிறார்கள். நிலத்தை எடுத்தபோது செல்லும் என்றீர்களே, இதுவும் செல்ல வேண்டும்தானே என்று. 2022 நவம்பரில் சபையின் குழு ஒன்று விசாரணை நடத்தியது. அது வாக்குரிமை இல்லாத இருக்கையாகத்தான் இருக்கும் என்ற பேச்சு அப்போதே அடிபட்டது.